விடுதிப் புள்ளிகளும் வீட்டுக் கணக்கும்

கோடை விடுமுறை நெருங்கும்போது, தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான் நடக்கும். ரயிலில் இடம் கிடைத்ததா, காத்திருப்போர் பட்டியலில் எண் எத்தனை, வழியில் எங்கே இறங்குவது, கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு எங்கே தங்குவது என்பனவே அந்தப் பேச்சு. சொந்த ஊரில் உறவினர் வீடு இருக்கிறது. ஆனால் ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணம் கோயம்புத்தூரில், பெரியவருக்குக் கண் காட்டவேண்டிய வைத்தியர் மதுரையில் என்றால், நடுவில் இரண்டு மூன்று இரவுகள் விடுதியில் கழிந்தே தீரும்.

விடுதியின் முன்கூடத்தில் பெயரைப் பதிந்துகொள்ளும் இளைஞர், "எங்கள் திட்டத்தில் தாங்கள் உறுப்பினரா, சார்?" என்று கேட்கிறார். இல்லை என்கிறோம். ஒரு நிமிஷத்தில் சேர்த்துவிடுகிறார். கைப்பேசிக்கு ஓர் எண் வந்து சேர்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு விடுதி, வேறோர் எண். ஐந்தாறு ஆண்டுகளில் எட்டு எண்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் ஓர் இரவு இலவசமாகத் தங்கும் அளவுக்குப் புள்ளிகள் இரா. நேயர்களில் பலருடைய நிலை இதுவாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். என் நிலையும் நெடுங்காலம் இதுவே.

விடுதி என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஹோட்டல் என்றால் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது இட்டலியும் காப்பியும் ஆகும். ஒரே கம்பெனியின் பெயரால் பல ஊர்களில் நடைபெறும் தங்கும் விடுதிகளைத் தொடர் விடுதிகள் என்று இங்கே குறிப்பிடுகிறேன். அவை நடத்தும் திட்டங்களை ஆங்கிலத்தில் லாயல்டி என்ற சொல்லால் அழைக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் சற்றுத் தொல்லை கொடுத்தது. அகராதி விசுவாசம் என்கிறது. ராஜ விசுவாசம் கேள்விப்பட்டிருக்கிறோம். அறை வாடகைக்கு ஏது விசுவாசம்? நம் ஊர்க் கடைத்தெருவில் இதற்கு ஏற்ற சொல் முன்பே இருக்கிறது, அது வாடிக்கை. மாதந்தோறும் ஒரே கடையில் சாமான் வாங்கினால், மளிகைக்காரர் குழந்தையின் கையில் ஒரு கற்கண்டுத் துண்டு கொடுப்பார்; புத்தாண்டுக்கு ஒரு காலண்டர் தருவார். வாடிக்கைத் திட்டம் என்பது அதன் பெரிய உருவமே. மளிகைக்காரர் முகத்தை நினைவில் வைத்திருப்பார். இங்கே கம்ப்யூட்டர் எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. முகத்துக்கு விதிகள் இல்லை, எண்ணுக்கு உண்டு. அந்த விதிகளைப் பற்றியதே இந்தப் பேச்சு.

இத்திட்டங்களுக்கு முன்னோடி ஆகாய விமானக் கம்பெனிகள். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தூரத்தைக் கணக்கிட்டுப் பரிசளிக்கும் முறையைத் தொடங்கியது. 1983-இல் ஹாலிடே இன் விடுதிகளும், அதே ஆண்டில் மாரியட் விடுதிகளும் அதைப் பின்பற்றின. காரணம் எளிது. காலியாகக் கிடக்கும் அறை பொழுது விடிந்தால் வீணான சரக்கு; அதை இலவசமாகக் கொடுப்பதால் விடுதிக்கு ஆகும் செலவு சொற்பம். பிற்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இணையத்தில் எல்லா விடுதிகளையும் வரிசைப்படுத்திக் காட்டி அறை பதிந்து கொடுக்கும் தரகு நிறுவனங்கள் பெருகின. அவற்றின் வழியாக வரும் ஒவ்வொரு பதிவுக்கும் விடுதி தரகு கொடுக்கவேண்டும். அதைத் தவிர்க்க, தன்னிடமே நேரே வந்து பதிவோருக்கு மட்டுமே புள்ளி என்று விடுதிகள் விதித்தன. தரகுத் தளத்தின் வழியே அறை பதிந்துவிட்டு, பெட்டியை இறக்கும்போது உறுப்பினர் எண்ணைச் சொன்னால், பெரும்பாலான தொடர்களில் ஒரு புள்ளியும் ஏறாது. பலர் இதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, கணக்கைப் பார்ப்போம். நமக்கு மாதச் சம்பளக்காரர் கணக்குத்தான் பொருந்தும். ஒரு குடும்பம் ஆண்டில் 8 இரவுகள், இரவுக்கு 4,500 ரூபாய் வாடகையில் தங்குகிறது என்று கொள்வோம். வாடகை 36,000 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 5 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம். ஆகவே நம் குடும்பம் வரியாக 1,800 ரூபாய் கட்டும். அந்த வரிக்குப் புள்ளி இல்லை. வாடகைக்கு மட்டுமே உண்டு.

மாரியட் தொடரில் பெரும்பாலான விடுதிகளில் ஒரு டாலர் செலவுக்கு 10 புள்ளி அடிப்படை அளவு. சில வகை விடுதிகளில் அதில் பாதியே. டாலருக்கு 90 ரூபாய் என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டால், 36,000 ரூபாய்க்கு 400 டாலர், அதாவது 4,000 புள்ளிகள். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. இதன் மதிப்பு என்ன?

மதிப்பை அறிய ஒரே வழிதான் உண்டு. நாம் உண்மையாகவே போகப்போகிற ஊரில், போகப்போகிற நாளில், அறையின் விலையை இரண்டு விதமாகவும் பார்க்கவேண்டும்: ரூபாயில் எவ்வளவு, புள்ளியில் எவ்வளவு. ஓர் அறைக்கு வரியோடு 4,725 ரூபாய், அல்லது 8,000 புள்ளி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரூபாயைப் புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 59 பைசா கிடைக்கிறது. அப்படியானால் ஆண்டு முழுவதும் சேர்த்த 4,000 புள்ளிகளின் மதிப்பு ஏறக்குறைய 2,360 ரூபாய். இலவசமாக ஓர் இரவு வேண்டுமானால் இரண்டு ஆண்டு சேர்க்கவேண்டும்.

2,360 ரூபாய் தள்ளத்தக்க தொகையன்று. ஆயினும் அதே தரமுள்ள அறை, அடுத்த தெருவில் வேறொரு விடுதியில் இரவுக்கு 300 ரூபாய் குறைவாகக் கிடைக்குமானால், 8 இரவுகளில் 2,400 ரூபாய் நம் பையிலேயே நின்றுவிடும். அதுவும் இன்றே, ரொக்கமாக. புள்ளிக்காக 300 ரூபாய் அதிகம் கொடுத்துத் தங்கியவர், தம் பணத்தையே இரண்டு ஆண்டு வட்டியில்லாமல் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். திட்டங்களுள் எது சிறந்தது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த 300 ரூபாய்க் கணக்கைத்தான். விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இடத்தில் மட்டுமே திட்டங்களைப் பற்றிப் பேச்செடுக்கலாம்.

காலை உணவும் இதே போன்றது. நால்வர் கொண்ட குடும்பம் விடுதியிலேயே காலையில் சாப்பிட, ஆளுக்கு 400 ரூபாய் என்றாலும் நாளொன்றுக்கு 1,600 ரூபாய் ஆகிவிடும். வெளியே வந்தால் நல்ல சிற்றுண்டிச் சாலை இருக்கிற ஊரில் இது பொருட்டில்லை. இரவு வந்து விடியற்காலையில் புறப்படவேண்டிய நெடுஞ்சாலை விடுதியில் இதுவே பெரிய செலவு. ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் போன்ற சில வகை விடுதிகளில் காலை உணவு வாடகையோடு சேர்ந்தது. அதற்கு உறுப்பினர் தகுதியும் தேவையில்லை. இவ்விதச் சௌகரியம் புள்ளிகளால் வரும் லாபத்தைப் பலமுறை மிஞ்சிவிடுகிறது.

அடுத்தது கெடு. புள்ளிகளைப் பற்றிய விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வராத செய்தி இதுவே. நம்மைப் போல ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பிரயாணம் செய்வோருக்கு மற்றெல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுவே. மாரியட், ஹில்டன், ஹயாத் ஆகிய மூன்றிலும், கணக்கில் 24 மாதங்கள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். ஹாலிடே இன் விடுதிகளை உள்ளடக்கிய ஐ.எச்.ஜி. தொடரில், தகுதிப் படி ஏதும் ஏறாத சாதாரண உறுப்பினருக்கு 12 மாதமே கெடு. நோவோட்டெல், மெர்க்யூர், ஐபிஸ் முதலியவற்றை நடத்தும் அக்கோர் தொடரில் 365 நாட்களுக்குள் மீண்டும் ஒருமுறை தங்கவேண்டும்.

365 நாட்கள் என்பதை நம் விடுமுறையோடு ஒட்டிப் பாருங்கள். சென்ற ஆண்டு மே 10-ஆம் தேதி தங்கினீர்கள். இவ்வாண்டு பள்ளிக்கூடம் ஒரு வாரம் தாமதமாக மூடியது. ரயிலில் இடம் கிடைத்ததோ மே 28-ஆம் தேதிக்கு. பதினெட்டு நாள் வித்தியாசத்தில் சேர்த்ததெல்லாம் போயிற்று. ஆண்டுக்கொரு முறை போகிறவருக்குப் பன்னிரண்டு மாதக் கெடு என்பது கத்திமுனை. அவர் இருபத்துநான்கு மாதக் கெடுவுள்ள திட்டத்தைத் தேடுவதே முறை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனாரை ஒரு தென்னாட்டு நகரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். செய்தி வந்த அன்று மாலையே விமானம் ஏறினேன். கணக்கில் 14,000 புள்ளிகள் இருப்பது நினைவிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே அந்தத் தொடரின் விடுதி ஒன்றும் இருந்தது. இரண்டு இரவுக்கேனும் ஆகும் என்று எண்ணிக் கணக்கைத் திறந்தால், புள்ளி பூஜ்யம். கெடு கடந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தொலைபேசியில் பேசியவர் மிகவும் மரியாதையாகவே வருத்தம் தெரிவித்தார். விதி விதிதானே. மூன்று இரவுகளுக்கும் முழு வாடகை கொடுத்தேன். அந்தச் சமயத்தில் பணத்தைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று. முந்திய ஆண்டில் அதே புள்ளிகளைச் செலவழித்து அப்பாவையும் அம்மாவையும் ஓரிரவு குற்றாலத்துக்குப் போகும் வழியில் சௌகரியமாகத் தங்கவைத்திருக்கலாம். சேரட்டும், சேரட்டும் என்று வைத்திருந்தேன். இப்போது காலண்டரில் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே குறித்துவைக்கிறேன்.

சேர்த்துவைப்பதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. புள்ளி வங்கிப் பணமன்று. வட்டி இல்லை என்பதோடு, அதன் வாங்கும் சக்தியைக் கம்பெனி நினைத்தபோது குறைக்கலாம். ஒரு காலத்தில் இன்ன விடுதிக்கு இத்தனை புள்ளி என்று நிலையான அட்டவணை இருந்தது. ஹில்டன் 2017-லும் மாரியட் 2022-லும் அதைக் கைவிட்டன. இன்று அவற்றில் புள்ளி விலையும் ரூபாய் விலையைப் போலவே விடுமுறைக் காலத்தில் ஏறும், மழைக்காலத்தில் இறங்கும்.

இவ்வளவும் தெரிந்த பின்பே எந்தத் தொடர் என்ற கேள்விக்கு வரலாம். விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, சென்ற மூன்று ஆண்டுகளில் நாம் விடுதியில் தங்கிய ஊர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதவேண்டும். என் தாளில் சென்னை, மதுரை, திருச்சி, ஜயப்பூர், ஹரித்துவாரம், காசி என்று இருந்தன. காசியை உடனே அடித்துவிட்டேன். அங்கே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது; அதன் சாப்பாட்டுக்கு ஈடு எந்த நட்சத்திர விடுதியிலும் இல்லை. உங்கள் தாளில் கும்பகோணமும் ராமேசுவரமும் பழனியுமே நிறைந்திருந்தால், வாடிக்கைத் திட்டங்களைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். உலகப் பெருந்தொடர்கள் நம் கோயில் ஊர்களில் அரிது. அங்கே உள்ளூர் விடுதிகளும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகளும், மடங்களும் சத்திரங்களுமே துணை.

பெருநகரங்களும் நடுத்தர நகரங்களுமாக இருப்பின், மாரியட் தொடருக்கு ஒரு வலிமை உண்டு. 2016-இல் ஸ்டார்வுட் கம்பெனியை வாங்கிய பிறகு அதன் விடுதிகளும் சேர்ந்து, 2019-இல் பான்வாய் என்ற பெயரில் திட்டம் ஒன்றாயிற்று. மதுரையிலும் திருச்சியிலும் கோர்ட்யார்டு என்ற பெயரில் அதன் விடுதிகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் லெ மெரிடியன். 2025-இல் நம் நாட்டு ஃபெர்ன் விடுதிகளோடு உடன்பாடு செய்துகொண்டதால், குஜராத், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு மிதமான வாடகையுள்ள இடங்களும் இத்திட்டத்துள் வருகின்றன. வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு வேறொரு விதியும் உதவும்: உறுப்பினர் தாமும் ஓர் அறையில் தங்கி, வாடகையையும் தாமே செலுத்தினால், மூன்று அறைகள் வரை புள்ளி ஏறும். ஆனால் தாம் தங்காமல், பெற்றோருக்கு மட்டும் அறை பதிந்து கொடுத்தால் ஏறாது. ஒரு பிரயாணத்தில் கணவர் பெயரில், மறு பிரயாணத்தில் மனைவி பெயரில் என்று பதிந்து புள்ளிகளைப் பிரித்துவிடுவதும் நம் வீடுகளில் சகஜமான பிழை. ஹில்டன் திட்டத்தில் குடும்பத்தாரும் நண்பர்களும் புள்ளிகளை ஒரே கணக்கில் திரட்டிக்கொள்ள வழியுண்டு.

அக்கோர் திட்டத்தின் நற்குணம், அதன் புள்ளிக்கு விலை நிலையானது. 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு, ஊகத்துக்கு இடமில்லை. நோவோட்டெல் போன்ற விடுதிகளில் அடிப்படை உறுப்பினருக்கு 10 யூரோவுக்கு 25 புள்ளி. ஆகவே 800 யூரோ செலவழித்தவருக்கு 40 யூரோ திரும்புகிறது. அது 5 சதவீதம். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், முன் சொன்ன 36,000 ரூபாய்க் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 900 புள்ளிதான். 2,000-ஐ எட்ட மூன்றாம் ஆண்டு ஆகும். அதுவரை ஓராண்டுகூடத் தவறாமல் 365 நாள் கெடுவைக் காக்கவேண்டும். கணக்கு நேர்மையானது, நம் பிரயாணத்துக்கு எட்டுவதுதான் கடினம். மாதந்தோறும் ஊர் சுற்றும் வியாபாரிக்கு இது நன்கு பொருந்தும்.

நம் நாட்டுத் தொடர்களில், பம்பாயில் 1903-இல் தாஜ் மகால் விடுதியைத் திறந்த இந்தியன் ஹோட்டல்ஸ் கம்பெனி முதன்மையானது. தாஜ் என்றதும் அரண்மனைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதே கம்பெனியே 2004-இல் பெங்களூரில் இண்டிஒன் என்ற பெயரில் ஒரு சிக்கன விடுதியைத் தொடங்கிற்று. அதன் வழிவந்தவையே இன்று பல ஊர்களில் காணும் ஜிஞ்சர் விடுதிகள். இக்கம்பெனியின் வாடிக்கைத் திட்டம் 2022-இல் டாட்டா நியூ என்ற பொதுத் திட்டத்தோடு சேர்ந்தது. அதில் ஏறும் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. பல ஆயிரம் சேரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை; விடுதியில் கிடைத்ததைக் கொண்டு அதே குழுமத்தின் கடைகளில் மளிகைச் சாமானோ மின்விசிறியோ வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு நாலைந்து இரவே வெளியில் தங்கும் குடும்பத்துக்கு, என் எண்ணத்தில், இதுவே குழப்பம் குறைந்த ஏற்பாடு. இதிலும் கெடு உண்டு. ஆனால் வீட்டுச் சாமானுக்குச் செலவழிக்கலாம் என்பதால் கெடுவுக்குள் தீர்ப்பது எளிது.

ஐ.டி.சி. கம்பெனி விடுதித் தொழிலில் இறங்கியதே 1975-இல் சென்னையில் சோழா விடுதியைக் கொண்டுதான். அதற்கும் தனித் திட்டம் இருக்கிறது. 2004-இல் குருகிராமத்தில் தொடங்கிய லெமன் ட்ரீக்கும் ஒன்று உண்டு. ஹயாத்தின் புள்ளி எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் அதிகம். ஆனால் அதன் கிளைகள் நம் நடுத்தர ஊர்களில் மிகுதியாக இல்லை. இவற்றுள் ஒன்று உங்கள் தாளிலுள்ள ஊர்களில் மூன்றில் இருந்து, மற்றவை ஒன்றில்கூட இல்லையானால், தேர்வு தானே முடிந்துவிடுகிறது.

வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். மாரியட்டில் ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் வெள்ளி, 25-க்குத் தங்கம், 50-க்குப் பிளாட்டினம். காலை உணவு போன்ற கண்ணுக்குத் தெரியும் சலுகை பெரும்பாலும் பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது. சொந்தச் செலவில் 50 இரவு விடுதியில் தங்குகிற சம்பளக்காரரை நான் இதுவரை கண்டதில்லை. மத்திய அரசாங்க ஊழியருக்கு நான்காண்டுத் தொகுதியில் கிடைக்கும் விடுப்புப் பிரயாணச் சலுகையும் போக்குவரத்துக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. தங்கும் செலவு நம்முடையதே. அலுவல் பிரயாணத்தில் சேர்வதைச் சொந்தத்துக்குக் கொள்ளலாமா என்பதில் அவரவர் அலுவலக விதியை முதலில் பார்ப்பது நலம். அரசாங்கச் செலவில் வாங்கிய விமானச் சீட்டுகளால் ஏறும் மைல் புள்ளிகளைச் சொந்தப் பிரயாணத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசாங்க ஊழியருக்கு விதி இருக்கிறது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, சந்தா கட்டிச் சேரும் விருந்து உறுப்பினர் திட்டம். தொலைபேசியில் அழைத்து, பல ஆயிரம் ரூபாய் கட்டினால் சாப்பாட்டில் தள்ளுபடி, ஓரிரவு இலவசம், பிறந்தநாளுக்குக் கேக் என்று அடுக்குவார்கள். வாடிக்கைத் திட்டத்தில் சேர ஒரு பைசாவும் வேண்டியதில்லை. பணம் கேட்டாலே அது வேறு சரக்கு. அந்த விடுதியின் உணவுச் சாலையில் மாதம் இருமுறை சாப்பிடுகிறவருக்கு அது லாபமாகலாம். நாம் எத்தனை பேர் அப்படி?

வங்கிகள் விடுதிகளோடு சேர்ந்து வெளியிடும் கடன் அட்டைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எச்.டி.எஃப்.சி. வங்கி 2023-இல் மாரியட்டோடு சேர்ந்து வெளியிட்ட அட்டைக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும். அதாவது 3,540 ரூபாய். அதற்கு ஈடாக, 15,000 புள்ளி வரை விலையுள்ள ஓர் இரவு இலவசம். நீங்கள் போகும் ஊரில் அந்த எல்லைக்குள் அடங்கும் அறையின் ரொக்க விலை 7,000 ரூபாய் என்றால், கட்டணம் போகப் பாதிக்குப் பாதி மிச்சம். அந்த இரவைக் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தும் பிரயாணம் அமையாவிட்டால் 3,540 ரூபாய் நஷ்டம். ஒரு மாதம் தவணை தவறினாலோ, வட்டி இரண்டையும் விழுங்கிவிடும். சேருமுன் அன்றைய விதிகளை வங்கியிலேயே கேட்டு அறியவேண்டும்.

புள்ளிகளைச் செலவழிப்பதில் நம்போன்றோருக்கு ஒரு தனிப் பயன் உண்டு. இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. தரகுத் தளங்களில் மலிவாகக் காட்டும் அறை பல சமயம் முன்பணம் கட்டித் திரும்பப் பெற முடியாதது. புள்ளி கொடுத்துப் பதியும் அறையைப் பெரும்பாலான தொடர்களில், குறித்த நாளுக்கு முன் ரத்துச் செய்தால் புள்ளி முழுவதும் திரும்பிவிடும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியலில் 40-ஆம் எண்ணை வைத்துக்கொண்டு தவிப்பவர், அறையை மட்டும் முன்கூட்டியே புள்ளியில் பதிந்து வைக்கலாம். சீட்டு உறுதியாகாவிட்டால் நஷ்டமில்லை. பண்டிகை நாட்களுக்குப் புள்ளி அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால், இப்படி முந்திக்கொள்வது அவசியமும் ஆகும். பதியும்போதே ரத்துச் செய்யும் கடைசி நாளையும், அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கூடுதல் கட்டிலுக்கான கட்டணத்தைப் புள்ளி தீர்ப்பதில்லை. தாத்தாவும் பாட்டியும் உடன் வரும்போது இந்தக் கட்டிலில்தான் தகராறு கிளம்பும்.

எங்கள் வீட்டில் எட்டு எண்களில் ஆறை விட்டுவிட்டோம். இரண்டே வைத்திருக்கிறோம்: இருபத்துநான்கு மாதக் கெடுவுள்ளது ஒன்று, ரூபாய்க்கு ரூபாயாகக் கழித்துக்கொள்வது ஒன்று. இரண்டும் என் மனைவியின் பெயரில். கெடுவை நினைவில் வைப்பதில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. விடுதியிலிருந்து புறப்படும்போது ரசீதில் உறுப்பினர் எண் அச்சாகியிருக்கிறதா என்று அவள் பார்ப்பாள். வீடு திரும்பிப் பத்து நாளுக்குள் புள்ளி ஏறியதா என்று நான் பார்ப்பேன். சென்ற தை மாதத்தில் திருச்சியில் தங்கிய இரண்டு இரவுகளுக்கு ஏறவேயில்லை. ரசீதைப் படம் எடுத்து அனுப்பினோம். நான்காம் நாள் ஏறிற்று.